பிபி மெஷினின் மூன்று எண்களும் இதயத்தின் சுமையும்

மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் டிஜிட்டல் பிபி மெஷின் ஒன்றைச் சில வருடங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். திரையில் வரும் மூன்று எண்களையும் (இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம் மேல் எண், தளரும்போதுள்ள அழுத்தம் கீழ் எண், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது பல்ஸ்) சேர்த்துப் பார்த்தால்தான் இதயம் எவ்வளவு பாடுபடுகிறது என்பது பிடிபடும். பலரும் மேல் எண்ணைப் பார்த்ததுமே பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி. 120/80 என்றால் 40. எனக்கு ஆரம்பத்தில் 138/72, அதாவது 66. வயது ஏற ஏற இந்த இடைவெளி கூடுவதற்கு முக்கியக் காரணம் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், விறைத்துப்போவதுதான். நெகிழ்வுள்ள பெருந்தமனி, இதயம் சுருங்கும்போது விரிந்து ரத்தத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, இதயம் தளரும்போது முன்னே தள்ளும். விறைத்த குழாய் அப்படி விரிந்து கொடுக்காது. மேல் எண் எகிறும், கீழ் எண் இறங்கும். போதாததற்கு, தூரத்துக் குழாய்களில் மோதித் திரும்பும் அழுத்த அலையும் சீக்கிரமே வந்துவிடும். இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வருவதால், அதையும் எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம் பல்ஸ். இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான். 60 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 1 வினாடி, 120இல் அரை வினாடி. ஆனால் சுருங்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையாது, தளரும் நேரம்தான் அடிபடும். கீழ் எண்ணும் இறங்கியிருந்தால் அந்த ரத்தத்தைத் தள்ளும் அழுத்தமும் குறைவு. வேலை கூடுகிற நேரத்தில் வரத்து குறைகிறது. என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இதுதான்.

மேல் எண்ணைப் பல்ஸால் பெருக்கினால் இதயத்தின் ஆக்சிஜன் தேவைக்கு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். எனக்கு அப்போது 138 × 82 = 11,316. மருந்தோடு விடாமல் நடந்தும் வந்ததில் இப்போது 130 × 68 = 8,840. மேல் எண்ணில் குறைந்தது 8தான், பெருக்கிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியிருக்கிறது.

மெஷின் பற்றி: பட்டை சிறியதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும், கைச் சுற்றளவுக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு எண்கள் முன்பின் வரும். தமனியின் நெகிழ்வை இது நேரடியாக அளக்காது. கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நாடி அலை ஓடும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை தனி. வெல்க்ரோ பிடிப்பு விட்டதால் பட்டையை மட்டும் மாற்றினேன், மெஷின் இன்னும் நன்றாகவே ஓடுகிறது.