கமோடு நாற்காலியும் மணைப்பலகையும்: மூன்று வருஷ அனுபவம்

எங்கள் வீடு திருவையாறு பக்கம். பக்கவாதத்தில் அத்தைக்கு இடது கையும் காலும் விழுந்த பிறகு, சக்கரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்றைத் தஞ்சாவூரில் வாங்கினோம். மூன்று வருஷமாகத் தினமும் புழங்குகிறோம்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஐப்பசி மழையிலேயே சக்கரத்துப் பக்கம் துரு ஏறிவிட்டது. பிரேக் பின்சக்கரங்களில் மட்டுந்தான். கட்டிலிலிருந்து மாற்றும்போது நாற்காலி நழுவப் பார்க்கும். அதனால் சுவரோடு ஒட்ட நிறுத்திய பிறகுதான் உட்கார வைப்பேன். இருக்கைக்குக் கீழே மலம் விழும் வாளியில் முன்கூட்டியே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் அடியில் ஒட்டாது.

பெரிய தொந்தரவு உயரம். ஆயுசு முழுக்கக் குந்தியே கொல்லைக்குப் போய்ப் பழகியவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முக்கி முக்கி முகம் சிவந்துவிடும். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா, அடுக்களையில் கிடந்த மணைப்பலகை இரண்டை அடுக்கிப் பாதத்துக்குக் கீழே வைத்தார். முட்டி இடுப்புக்கு மேலே உயர்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகும், முக்க வேண்டியதில்லை என்றார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் இப்படிச் செய்யாதீர்கள்.

அதற்கு முன்னால் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தையோ, அடிக்கடி என்னைக் கூப்பிட வேண்டுமே என்று தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிடுவார். "உனக்கு எத்தனை வேலைம்மா" என்பார். தண்ணீர் இல்லாத இசப்கோல் குடலை இன்னும் அடைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஐந்து நாள் ஒன்றும் போகவில்லை. ஆறாம் நாள் தண்ணியாகக் கசிந்தது. பேதி என்று நினைத்துக் கஞ்சியோடு நிறுத்தினேன். நர்ஸம்மா பரிசோதித்தபோது உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றி வழிந்ததுதான் அந்தத் தண்ணி. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து எனிமா கொடுத்தார். அன்று அத்தை அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது டாக்டர் சொன்ன, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுக்கிறோம். அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், உடனே போகவில்லையென்று அளவைக் கூட்டக் கூடாது. காலையில் காப்பி, இட்லி ஆனதும் அரைமணிக்குள் நாற்காலி. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும், அந்த நேரத்தைத் தவறவிடுவதில்லை. திரையை இழுத்துவிட்டு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்பேன். மகனோ பேரனோ அந்தப் பக்கம் வர மாட்டார்கள். எனக்குத் தெரிந்து, மருந்தைவிட அந்தத் திரைதான் அதிகம் உதவியது. தண்ணீர்ச் செம்பையும் இப்போது அத்தையே கேட்டு வாங்குகிறார்.

புதிதாக வாங்குகிறவர்கள் நாற்காலிக் காலின் உயரத்தைக் குறைக்க முடிகிறதா, நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.