புறாத்தீவுக்கு எந்த மிதவை அங்கி: நுரையா, காற்றா?

இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறி, முருகைக்கற்பாறைகளுக்கு (பவளப்பாறைகளுக்கு) மேலே மிதந்து மீன் பார்க்க விரும்புவோர் முன் இரண்டு தெரிவுகள் உள்ளன: நுரை அடைத்த தடித்த அங்கி, வாயால் ஊதி நிரப்பும் மெல்லிய அங்கி.

நுரை அங்கியின் பெரும் பலம், அணிந்தவர் எதுவும் செய்யாமலே அது மிதக்கவைப்பதுதான். ஆனால் இதில் 100 நியூட்டன் (விசையின் அலகு) மிதப்பு விசை கொண்ட வகை, மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி புரட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டதால், குப்புற மிதந்து கீழே பார்க்க முனைபவரோடு ஓயாமல் மல்லுக்கட்டும். 50 நியூட்டன் வகை இதற்கு இணங்கும். எனினும் அது மயங்கியவரைப் புரட்டும் என்று நம்பியிருக்க முடியாது, நீந்தத் தெரிந்தவருக்கே உரியது.

ஊதும் அங்கியில் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். மூச்சடக்கிச் சுழியோடவும் அது இடந்தரும். சிக்கல் வால்வில்தான்: சரியாகப் பூட்டாவிட்டால் காற்று மெல்ல இறங்கிவிடும், பதற்றத்தில் மூச்சு வாங்குபவரால் மீண்டும் ஊதவும் இயலாது. கூரிய முருகைக்கல் உரசினால் கிழியவும் கூடும். புறப்படுமுன் முழுதாக ஊதி, நீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியாதோருக்கும் படகில் ஏறுமுன்னரே 100 நியூட்டன் வகை நுரை அங்கியை அணிவித்து, இடுப்புப் பட்டியை இறுக்கி, தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை எழும்பினால் அளவு பெரிது. ஊதும் அங்கி நன்கு நீந்துவோருக்கு மட்டுமே, அதுவும் கடல் அமைதியாயிருக்கும் நாளில் மட்டுமே என்பது என் உறுதியான கருத்து.