கிளிநொச்சியில் ஒரு பனையோலைக் கைப்பணி நிலையம்

கிளிநொச்சி நகருக்கு அண்மையில் பெண்கள் சேர்ந்து நடத்தும் பனையோலைக் கைப்பணி நிலையத்தில் நான் வாங்கிய கடகம் என்னும் ஓலைக்கூடையும் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் அன்றாடப் பாவனைக்கென்றே இழைக்கப்பட்டவை. நெல்லும் உழுந்தும் அள்ளுவோரின் தேவையைக் கேட்டறிந்து, கடகத்தை இரட்டை ஓலையால் இழைத்து, அடி மூலைகளையும் விளிம்பையும் பனைநாரால் இறுக்கிப் பொத்தியிருக்கிறார்கள். நிறைய நெல்லோடு தூக்கியபோதும் விளிம்பு நெகிழவில்லை. நீத்துப்பெட்டியின் கூம்பு பானை வாயில் இடைவெளியின்றி அமர்வதால், ஆவி வீணாகாமல் பிட்டு சீராக அவிகிறது. ஓலையின் மணமும் மாவில் ஏறுகிறது. சாயமிட்ட கைப்பைகள் அழகானவை, ஆயினும் ஈரம் பட்டதும் சிவப்புச் சாயம் உடுப்பில் ஒட்டுவதைக் கட்டாயம் திருத்த வேண்டும். விலை பிளாஸ்டிக் கூடையை விட அதிகம்தான்; ஓலையை உலர்த்தி, வார்ந்து, இழைக்கும் உழைப்பை அருகிலிருந்து பார்த்த எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அளவு சொன்னால் தானியம் புடைக்கும் சுளகும் செய்து தருகிறார்கள்.