பாளையங்கோட்டை மாலை நேரக் கணித வகுப்பு: மீ.பொ.கா. கற்பித்த விதம்

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளை எங்கள் தெருமுனையில் நடக்கும் இவ்வகுப்பில் சேர்த்து மூன்று மாதங்கள் ஆகின்றன. மீப்பெரு பொதுக் காரணியை (மீ.பொ.கா.), அதாவது கொடுத்த எண்கள் அனைத்தையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணை, அங்கே கற்பித்த விதம் மிகவும் பாராட்டத்தக்கது. 391, 299 ஆகியவற்றின் பகாக் காரணிகளைக் காண முடியாமல் திணறிய அவளுக்கு, 391ஐ 299ஆல் வகுத்தால் மீதி 92 என்றும், 299ஐ 92ஆல் வகுத்தால் மீதி 23 என்றும், 92ஐ 23 மீதியின்றி வகுப்பதால் விடை 23 என்றும் ஆசிரியை படிப்படியாகக் காட்டினார். இரண்டு எண்களையும் வகுக்கும் எண் அவற்றில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் மீதியையும் வகுத்தே தீரும் என்ற காரணத்தை, 391 செ.மீ. நீளமும் 299 செ.மீ. அகலமும் உள்ள தரையில் வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப் பெரிய சதுர டைல்ஸின் அளவைத் தேடச் சொல்லி விளக்கினார். நான் படித்த காலத்தில் எனக்கு இதை எவரும் சொல்லித்தரவில்லை. பயிற்சித் தாள்களில் மூன்று எண்களுக்கான கணக்குகள் போதவில்லை. அவற்றை அதிகப்படுத்த வேண்டும்.