ஆறு வருடம் வெள்ளியோடும் கல்லோடும்: ரங்கூனில் என் வீட்டு மேசை

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை சங்கிலியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கல்லு ஆடுது பாரும்மா." நான் முதன்முதலாக முழுசாகச் செய்து முடித்த பதக்கம் அது. சந்திரகாந்தக் கல், அதைப் பிடித்துக்கொள்ள நான்கு கொக்கி. குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் ஐந்து வருடம் போட்டிருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முந்தானை நூலில் மாட்டி மாட்டி ஒரு கொக்கி வெளியே வளைந்திருந்தது. கல்லின் முகட்டில் பனி படிந்த மாதிரி மெல்லிய கீறல்கள்.

நான் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வெள்ளி வேலை. விற்பதில்லை, வீட்டாருக்கும் சிநேகிதிகளுக்கும்தான் செய்கிறேன். அதனால் செய்த நகையெல்லாம் என் கண்ணெதிரேயே நடமாடுகிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது ஓரளவு தெரியும். புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் தாலி உருப்படிகள் செய்துவந்த வயதான பத்தர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று மாதம் கம்பி இழுப்பதும் அரம் போடுவதும் மட்டுமே. அப்புறம்தான் நெருப்பைத் தொட விட்டார். இரண்டு வெள்ளித் துண்டுகளை ஒட்டவைக்க உருக்கும் உலோகக் கலவையைப் பொடி என்போம். "பொடியச் சுடாதம்மா, வெள்ளியச் சுடு" என்று அவர் சொன்னதன் அர்த்தம் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. வெள்ளி சூட்டை நொடியில் உடம்பு முழுக்கப் பரப்பிவிடும். ஒரு மூலையில் மட்டும் தீயைக் காட்டினால் இணைப்புக்கு வேண்டிய சூடு நிற்காது. முழு உருப்படியும் சேர்ந்து சூடேற வேண்டும். உருகிய பொடி எந்தப் பக்கம் சூடு அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். அதனால் கனமான மோதிர வளையத்தில், கல் உட்காரும் மெல்லிய கூட்டைப் பற்றவைக்கும்போது தீயை வளையத்தின் மேலேயே ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும், கூட்டைப் பார்த்துப் பிடிக்கவே கூடாது. இணைப்பில் தடவிய வெங்காரம் முதலில் பொங்கும், பிறகு அடங்கிக் கண்ணாடி மாதிரி தெளியும். அடுத்த சில நொடிகளில் இணைப்பு நெடுக ஒரு வெள்ளிக் கோடு பளிச்சென்று ஓடும். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் நான் வாராவாரம் மேசையில் உட்காருகிறேன்.

இங்கே வெள்ளியைக் கியாத்தா கணக்கில்தான் வாங்குகிறோம். ஒரு கியாத்தா 16.3 கிராம் சொச்சம். சுத்த வெள்ளி மோதிரத்துக்கு ரொம்ப மிருது, சீக்கிரம் நசுங்கும். 37 கிராமுக்கு 3 கிராம் செம்பு சேர்த்து உருக்கினால் 925 வெள்ளி கிடைக்கும். ஆனால் கல்லைச் சுற்றி எழுப்பும் கூட்டுக்கு மட்டும் நான் சுத்த வெள்ளித் தகடுதான் போடுகிறேன். அந்த மிருதுதான் அங்கே வேண்டும், தள்ளினால் கல்லின் தோளில் அப்படியே படியும்.

சரி, கல்லுக்கு வருகிறேன். மாணிக்கச் சுரங்கங்களுக்குப் பேர்போன மொகோக் இருக்கும் நாட்டில் வாழ்கிறோம். ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தால் மாணிக்கம், நீலம், ஸ்பைனல், பெரிடாட், சந்திரகாந்தம் எல்லாம் உள்ளங்கையில் கொட்டும். அந்த மயக்கத்தில் முதல் வருடம் அழகை மட்டுமே பார்த்து வாங்கினேன். ஒரு கடையில் விலை குறைவாக ஒரு சிவப்புக் கல் கிடைத்தது. மோதிரத்தில் சின்னப் பழுது பார்க்க வேண்டிவந்தபோது, மாணிக்கம் தாங்கும் என்று நம்பிக் கல்லோடேயே தீயைக் காட்டிவிட்டேன். கல்லின் மேல் குமிழ் குமிழாக ஏதோ பொங்கியது. வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி ஊற்றி நிரப்பிய கல் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட கல்லை எலுமிச்சைச் சாறுகூடக் கெடுக்கும். அன்று முதல் கல் பதிப்பதுதான் கடைசி வேலை. பழுது என்றால் முதலில் கல்லைக் கழற்றுவேன், நெருப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தினமும் கையில் போடும் மோதிரத்துக்கு என் அனுபவத்தில் ஸ்பைனலை மிஞ்ச ஒன்றுமில்லை. வைரத்துக்குப் பத்து என்று வைத்த மோஸ் அளவில் இதன் கடினம் 8, விலையும் மாணிக்கத்தைவிட இறங்கியது. இங்கிலாந்து மன்னர் கிரீடத்தில் காலங்காலமாக மாணிக்கம் என்று நம்பப்பட்ட பெரிய சிவப்புக் கல்லே ஸ்பைனல்தான். தங்கைக்குச் செய்து கொடுத்த ஸ்பைனல் மோதிரம் நாலு வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறது, முனை ஒன்றும் மழுங்கவில்லை. பச்சை ஜேட்டின் கடினம் 7க்குள்தான், ஆனால் உள்ளே நார்ப் பின்னல் போல இறுகியிருப்பதால் லேசில் உடையாது. பெரிடாட்டுக்கு அமிலமும் ஆகாது, திடீர்ச் சூடும் ஆகாது, அதைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். சந்திரகாந்தத்தின் கடினம் 6ஐ ஒட்டி. நம் வீட்டுத் தூசியிலிருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு 7. அத்தையின் கல்லில் கண்ட கீறல் அங்கிருந்து வந்ததுதான்.

அலுவலகத்தில் பர்மியத் தோழி ஒருத்தி 'நவரட்' மோதிரம் கேட்டாள். நம் நவரத்தினம்தான், நடுவில் மாணிக்கம். எட்டு ஞாயிறு பிடித்தது. முத்தும் பவழமும் அமிலத்தில் கரையும், மரகதம் சூட்டில் வெடிக்கும், இவற்றுக்குப் பக்கத்திலேயே வைரமும் நீலமும் உட்கார வேண்டும். ஒன்பதில் எது நலிந்ததோ அதற்கு ஏற்றபடிதான் மொத்த மோதிரத்தையும் நடத்த வேண்டியிருந்தது. நான் செய்ததிலேயே என் மனசுக்கு நெருக்கமானது அது.

மின்வெட்டுக்குப் பயந்து யாரும் தயங்க வேண்டாம். நான் மோட்டார் வாங்கவே இல்லை. கேஸ் சிலிண்டர், அரம், இழைவாள், உப்புத்தாள், மெருகுக்குத் தேய்க்க வழவழப்பான எஃகுக் கோல், இவை போதும். கழுவப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பழைய பிரஷும்.

மழைக்காலத்தில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். காற்று புகாத பையில் ஒரு சாக்குக்கட்டியோடு போட்டு வைக்கிறேன். ரப்பர் பேண்ட் மட்டும் கிட்டவே வரக்கூடாது. அதிலிருக்கும் கந்தகம் ஒரே வாரத்தில் கறுப்பு வளையம் போட்டுவிட்டதை என் வளையலில் பார்த்தேன்.

அத்தையின் பதக்கத்தைத் தீபாவளிக்குள் கொடுக்க முடியவில்லை. கொக்கிகளை வெட்டினேன், கல்லை எடுத்துப் பஞ்சில் வைத்தேன், சுத்த வெள்ளியில் முழுக் கூடு எழுப்பினேன். விளிம்பைக் கல்லின் தோளைவிடக் கொஞ்சம் மேலே ஏற்றி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தள்ளிப் படியவைத்தேன். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் தகடு கடைசியில் ஒரு மடிப்பாகச் சேர்ந்துகொள்ளும். அத்தை வாங்கி விளிம்பைக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார், புடவைத் தலைப்பை அதன் மேல் இழுத்துப் பார்த்தார். மாட்டவில்லை. உடனே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வெட்டிய கொக்கிகளில் பொடி படாத நுனிகளை மட்டும் பிரித்து, வெள்ளி உருக்கும் மூசையில் போட்டிருக்கிறேன். பொடி கலந்தால் இழுக்கும்போது கம்பி அறும். அடுத்த உருக்குக்கு இன்னும் ஒரு அரைக் கியாத்தா சேர வேண்டும்.