டியூக் ஆஃப் எடின்பரோ விருது, வெண்கல நிலை: ஈர சாக்ஸும் ஒரு மணி நேர கிடாரும்

பையனுக்கு 14 வயது. பள்ளிப் பையை நான்தான் சரிபார்ப்பேன், தண்ணீர் பாட்டிலையும் நான்தான் நிரப்புவேன். இவனை டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச விருதின் முதல் படியான வெண்கல நிலையில் சேர்த்தபோது, உண்மையைச் சொன்னால், என் கண் சான்றிதழ் மேல்தான் இருந்தது.

பெயர்தான் விருது, போட்டி எதுவும் கிடையாது. சேவை, உடற்பயிற்சி, ஒரு திறமை என மூன்றிலும் வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது 3 மாதம். அதில் ஏதாவது ஒன்றை இன்னும் 3 மாதம் தொடர வேண்டும். கூடவே ஒரு சாகசப் பயணம். "அப்போ யாரும்மா ஃபர்ஸ்ட்?" என்று கேட்டான், ரேங்க்கிலேயே வளர்ந்த பிள்ளை.

1956ல் இளவரசர் பிலிப் தொடங்கிய திட்டம் இது. முதல் இயக்குநர் ஜான் ஹன்ட், 1953 எவரெஸ்ட் அணியின் தலைவர். அதனால் பயணம்தான் கஷ்டமாக இருக்கும், மற்றதெல்லாம் சும்மா பேருக்கு என்று நினைத்தேன். கடைசியில் அவனைப் படுத்தி எடுத்தது, திறமைப் பகுதிக்கு எடுத்த கிடார்தான். ஏழாவது வாரம் விரல் நுனியெல்லாம் கம்பி அழுத்திய கோடு, வாசிப்பதோ அதே நாலு கார்டு (chord), கூடப் பரீட்சை வேறு. விட்டுவிடுகிறேன் என்றான். நான் எதுவும் சொல்லவில்லை (பல்லைக் கடித்துக்கொண்டுதான்). இரண்டு நாள் கழித்து அறைக்குள் கிடார் சத்தம் கேட்டது.

பயணம் 2 பகல், 1 இரவு. நாலு முதல் ஏழு பேர் வரை ஒரு குழு, திட்டம் முழுக்க அவர்களுடையது. அதற்கு முன்னால் ஒரு பயிற்சிப் பயணம் உண்டு. அதற்கு நான் பை கட்டிக்கொடுத்தேன், மூன்று துண்டு உட்பட. தோள்பட்டையில் பட்டை பதிந்து சிவந்து வந்தான். அடுத்த முறை எல்லாவற்றையும் தரையில் கொட்டி, பாதியை அவனே ஒதுக்கினான், ஆனால் சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட மறந்துவிட்டான். மழையில் நனைந்து, இரண்டாம் நாள் முழுக்க ஈர சாக்ஸோடு நடந்து, குதிகாலில் கொப்புளத்தோடு திரும்பினான். இருபது தடவை நான் சொன்ன விஷயம் அது. இப்போது எங்கே கிளம்பினாலும் முதலில் சாக்ஸைத்தான் கட்டி வைக்கிறான்.

பயணத்தில் பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கக் கூடாது, மேற்பார்வையாளர் தள்ளி இருந்துதான் கவனிப்பார். வழியில் ஓரிடத்தில் பிள்ளைகள் தப்பான பாதையில் முக்கால் மணி நேரம் போயிருக்கிறார்கள், அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "ஒரு குரல் கொடுத்திருக்கலாமே சார்?" என்றேன். "ஆபத்தான பாதை இல்லையே, எதுக்கும்மா?" என்றார். கோபம்தான் வந்தது. இடது பக்கம் வர வேண்டிய ஓடை வலது பக்கம் வருகிறதே என்று வரைபடத்தைத் தரையில் விரித்துப் பார்த்து, அவர்களாகவே திரும்பி வந்திருக்கிறார்கள்.

குறை ஒன்று, எங்கள் குழுவை நடத்தியவர்கள் மேல். வாராவாரம் எழுத வேண்டிய பதிவுகளைப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து நிரப்புவார்கள், இவர்கள் படிக்காமலே ஒப்புதல் கொடுப்பார்கள். ஐந்து பேர் பதிவிலும் "தலைமைப் பண்பைக் கற்றுக்கொண்டேன்" என்ற ஒரே வாக்கியம். இரண்டு வாரத்துக்கு நானே தட்டச்சு செய்து கொடுத்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கு நாலு. சேர்ப்பதற்கு முன், உங்கள் குழுவை நடத்துகிறவர்கள் அந்தப் பதிவுகளைப் படிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.