முக்கோணவியலுக்கு டெஸ்மாஸ்: டியூஷன் வாத்தியாராக என் மதிப்பீடு

பிளஸ் ஒன் கணக்குக்கு டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் பாடமான முக்கோணவியலில் முற்றொருமையும் (எக்ஸ் எதுவானாலும் பொருந்துவது, நிறுவ வேண்டியது) சமன்பாடும் (சில எக்ஸுக்கு மட்டும் பொருந்துவது, தீர்க்க வேண்டியது) அடுத்தடுத்து வரும். இரண்டிலும் நடுவில் சமக்குறிதான். அதனால் 'நிறுவுக' என்றால் எக்ஸின் மதிப்பைத் தேடுவதும், 'தீர்க்க' என்றால் ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கிக்கொண்டே போவதுமாகப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு நான் கையில் எடுப்பது டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான். பிரவுசரிலேயே திறக்கும், காசு கிடையாது.

முதல் வரியில் சைன் 2எக்ஸ், இரண்டாவது வரியில் 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ். அடித்து முடித்ததும் ஒரே ஒரு வளைவுதான் தெரியும். "இன்னொண்ணு எங்க சார்?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். மேலே இருக்கும் வளைவை மறைத்தால் அடியில் மற்றொன்று அப்படியே இருக்கும். எல்லா எக்ஸுக்கும் இரண்டும் ஒன்றுதான் என்பதால் அது முற்றொருமை.

அப்புறம் இரண்டாவது வரியை வெறும் சைன் எக்ஸ் ஆக்கிவிடுவேன். வளைவுகள் பிரிந்து, சில இடங்களில் மட்டும் சந்திக்கும். 0 முதல் 2பைக்குள், 2பையைச் சேர்க்காமல் பார்த்தால், 0, பை/3, பை, 5பை/3 என நான்கு. சமன்பாட்டின் தீர்வுகள் இவைதான். இங்கேதான் இந்தக் கருவி எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. சைன் 2எக்ஸை 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்று விரித்து, இரு பக்கமும் சைன் எக்ஸை நீக்கிவிட்டு காஸ் எக்ஸ் = 1/2 என்று எழுதும் பையனுக்கு இரண்டு விடைதான் கிடைக்கும். திரையில் நான்கு புள்ளி நிற்கிறதே! சைன் எக்ஸ் பூஜ்யமாகும் 0, பை இரண்டையும் தொலைத்துவிட்டோம் என்று அவனே கண்டுபிடித்துவிடுவான்.

கோணம் ரேடியனில்தான் தொடங்கும். டிகிரி வேண்டுமென்றால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். சந்திக்கும் புள்ளியைத் தொட்டால் 1.047 என்று தசமத்தில் வரும், அது பை/3 என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாத் தீர்வுகளையும் ஒரே சூத்திரத்தில் அடக்கும் பொதுத் தீர்வையும் நாம்தான் எழுத வேண்டும்.

வரைபடத்தை நிரூபணமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சைன் எக்ஸையும், எக்ஸிலிருந்து எக்ஸ் கனத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து வருவதையும் −1 முதல் 1 வரை வரைந்து பாருங்கள், ஒரே கோடு மாதிரி இருக்கும். திரையைச் சுருக்கி 3 வரை போனால் ஒன்று 0.14, மற்றொன்று −1.5. அதனால் வளைவுகள் பொருந்தினாலும் நோட்டில் நிறுவிய பிறகுதான் அடுத்த கணக்குக்குப் போக விடுவேன்.

முயன்று பார்க்க இன்னொரு ஜோடி: காஸ் 2எக்ஸ், காஸ் எக்ஸ். 2பை/3, 4பை/3 இரண்டிலும் வளைவுகள் வெட்டிக்கொள்ளும். பூஜ்யத்தில் தொட்டுவிட்டு விலகும். அதுவும் தீர்வுதான், அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.